கோப்பி நோயை ஆராய வந்த மார்ஷல் வார்ட்

மலையகத்தின் இயற்கையோடு தொடர்புடைய ஒருவரின் வாழ்க்கையைச் சுருக்கி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, எல்லோரும் எதிர்பார்க்கும் சில பெயர்கள்தாம் முதலில் நினைவுக்கு வந்தன. லூல்கந்துரையில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஒருவர். நுவரெலியாவில் பண்ணை அமைத்து வேட்டையாடித் திரிந்த சாமுவேல் பேக்கர் இன்னொருவர். இவர்களைப் பற்றி நாம் பாடசாலை நாள்களிலேயே போதுமான அளவு படித்துவிட்டோம். ஆகவே ஹரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளரைத் தேர்ந்தெடுத்தோம். தாவர நோய்களைப் படிப்போர் எந்த நாட்டில் இருந்தாலும் இவர் பெயரை அறிவர். நம் ஊரில் ஓர் அருவிக்கோ ஒரு வீதிக்கோ இவர் பெயர் இல்லை. இலங்கையில் இவர் இருந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். ஆனாலும் நம் கொள்ளுப்பாட்டிமார் இந்த மலைகளில் ஏன் நிரந்தரமாகத் தங்க நேர்ந்தது என்று கேட்டால், விடையின் பெரும்பகுதி இவர் எழுதிய மூன்று அறிக்கைகளில் இருக்கிறது. வாழ்க்கையின் பாதியை வாட்டுகளிலேயே கழிக்கும் எங்களைப் போன்ற வைத்தியர்களுக்கு அவர் பெயரும் பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

வார்ட் 1854 மார்ச் 21ஆம் திகதி இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட் நகரில் பிறந்தார். தந்தை இசைக்கலைஞர். செல்வக் குடும்பம் அல்ல. பதினான்கு வயதளவில் பாடசாலையை விட்ட பையன், பிறகு தானாக முயன்று படித்தான். இலண்டன் சவுத் கென்சிங்டனில் தோமஸ் ஹக்ஸ்லி நடத்திய உயிரியல் வகுப்பு அவருக்கு வழி திறந்தது. அங்கிருந்து மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரி, அதன்பின் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரி. 1879இல் முதல் வகுப்பில் தேறினார். சிறிது காலம் ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் சாக்ஸ் என்ற பெரிய தாவரவியலாளரிடமும் வேலை பழகினார். நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு பொருளை நாட்கணக்காகப் பொறுமையோடு பார்க்கும் பழக்கம் இந்த ஆண்டுகளில் வந்ததுதான். 1880இல் அவரை இலங்கை அரசாங்கம் பங்கசு ஆராய்ச்சியாளராக அழைத்தபோது அவருக்கு வயது இருபத்தாறு.

அழைத்ததற்குக் காரணம் கோப்பி. இங்கே கதையைச் சற்றுப் பின்னால் கொண்டுபோக வேண்டும்.

இன்று ரதல்லயிலோ கிளாசோவிலோ டெஸ்போட்டிலோ நின்று பார்க்கும் நமக்குத் தேயிலை இல்லாத மலையை நினைத்துப் பார்ப்பதே கடினம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சரிவுகள் முழுவதும் காடு. உச்சிகளில் பாசி தொங்கும் குட்டை மரங்கள், கீழே உயர்ந்த மரங்கள், இடையிடையே புல்வெளி. மழையையும் மூடுபனியையும் பிடித்து வைத்து ஓயாக்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது அந்தக் காடு. நானுஓயா தண்ணீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. ஆகவே இந்த மலையில் ஒரு மரம் விழுந்தால் அதன் விளைவு கீழ்நாட்டு வயல் வரை போகும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையெல்லாம் முடிக்குரிய நிலம் என்று ஆக்கியது. தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங்கிற்கு அது விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள்.

காடு வெட்டிய முறையைப் பற்றி அந்தக் காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். சரிவின் அடிவாரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டிக்கொண்டே மேலே போவார்கள். உச்சியில் உள்ள மரங்களை முழுதாக வெட்டியதும் அவை கீழே இருப்பவற்றின் மேல் சாயும். அவை தமக்குக் கீழே உள்ளவற்றின் மேல் சாயும். ஒரு மலைமுகமே இடிமுழக்கம் போன்ற ஓசையோடு சில நிமிடங்களில் படுத்துவிடும். பிறகு வெயில் காயும் வரை விட்டுத் தீ வைப்பார்கள். மரம் வெட்டுவதைப் பெரும்பாலும் அயல் கிராமத்துச் சிங்கள மக்கள் ஒப்பந்தத்தில் செய்தார்கள். எரிந்த மண்ணில் குழி தோண்டிக் கோப்பி நட்டவர்களும் பழம் பறித்தவர்களும் நம்மவர்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணியோடு வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்களின் கணக்கை எவரும் சரியாக வைக்கவில்லை. இன்றைய மலையகக் காடு குறைந்ததற்குத் தோட்டத்து மக்களே காரணம் என்று யாராவது சொல்லும்போது, காட்டை விற்றது யார், வாங்கியது யார் என்று கேட்கும் அளவுக்காவது நாம் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும்.

முப்பது ஆண்டுகளில் மலைக்கு மலை கோப்பியே நின்றது. 1870இல் ஏற்றுமதி 10 கோடி இறாத்தலைத் தொட்டது. அதற்கு ஓராண்டு முன், 1869இல், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு நூல்களில் பெயர்பெற்ற பாதிரியார் பெர்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். இரண்டாவது சொல்லுக்கு நாசம் செய்வது என்று பொருள். துரைமார் அதைக் கேலியாக நாசக்கார எமிலி என்று ஒரு பெண்ணின் பெயராக்கிக்கொண்டார்கள். நாசமானதற்கெல்லாம் ஒரு பெண்பெயர் வைப்பது அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது!

முதல் சில ஆண்டுகள் யாரும் பெரிதாக அஞ்சவில்லை. மழை கூடியது, உரம் போதவில்லை, மண் களைத்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். விளைச்சல் குறையக் குறைய இன்னும் உயரத்தில் இன்னும் காடு வெட்டிப் புதிய கோப்பி நட்டார்கள். விலை நன்றாக இருந்ததால் இந்த ஓட்டம் நிற்கவில்லை. 1878 அளவில் கோப்பி 275,000 ஏக்கரில் பரவியிருந்தது. நோய்க்குப் பயந்து நோயின் இரையையே பெருக்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வார்டுக்கு முன் வந்த டானியல் மொரிஸ் என்பவர், இலையிலும் பட்டையிலும் தெரிந்த மெல்லிய நூல்களை இந்தப் பங்கசுவின் ஒரு பருவம் என்று கருதி, சுண்ணாம்பும் கந்தகமும் தூவச் செய்தார். அந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் வேறு பதவிக்கு மாறிப் போய்விட்டார்.

இந்த நிலையில்தான் வார்ட் வந்தார். தோட்டக்காரர்கள் எதிர்பார்த்தது ஒரு மருந்து. வார்ட் செய்தது, எந்த நல்ல வைத்தியரும் முதலில் செய்வதை: நோய் என்ன, எங்கே தொடங்குகிறது, எப்படிப் பரவுகிறது என்று கேட்டார். மொரிஸ் பார்த்த நூல்கள் நோயோடு தொடர்பில்லாத வேறு பங்கசுகள் என்று முதலில் நிறுவினார். தவறான நோயறிதலின்மேல் கொடுத்த மருந்து பலிக்காததில் வியப்பில்லை. பிறகு ஒரு தனி வித்தியை எடுத்து அதன் வாழ்க்கை முழுவதையும் பின்தொடர்ந்தார். வித்தி இலைமேல் விழுகிறது. ஒரு துளி நீர் இருந்தால் முளைக்கிறது. முளைக்குழாய் ஊர்ந்துபோய் இலைவாய் ஒன்றைக் கண்டுபிடித்து உள்ளே நுழைகிறது. உள்ளே இழையங்களுக்கிடையில் கிளைவிட்டு இலையின் சாரத்தை உறிஞ்சுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடியாக வெளிவருகிறது. அந்தப் பொடி முழுவதும் புதிய வித்திகள். நோயரும்பு காலம் என்று நாம் சொல்லும் அதே கணக்கை ஓர் இலைக்கு அவர் போட்டுக் காட்டினார்.

அடுத்து, பரவும் வழி. கண்ணாடித் தட்டுகளில் கிளிசரின் தடவிக் கோப்பித் தோட்டத்தில் காற்றுபடும்படி வைத்தார். பிறகு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வித்திகள் ஒட்டியிருந்தன. இவ்வளவு எளிய சோதனை! வித்திகளைக் காற்று சுமக்கிறது, தென்மேல் பருவக்காற்று வீசும் வழியில் அவை ஒரு மலையிலிருந்து மறு மலைக்குப் போகின்றன என்பது இதனால் தெளிவானது. கோவிட் காலத்தில் முகக்கவசத்தோடும் தொடர்பாளர் பட்டியலோடும் ஓடித்திரிந்த நமக்கு இதன் அருமை நன்றாகப் புரியும்.

அவர் கண்டவற்றுள் மிக முக்கியமானதாக நாம் கருதுவது இதற்கு அடுத்தது. காட்டில் கோப்பியின் உறவுச் செடி ஒன்று இயல்பாக வளர்ந்தது. அதன் இலையிலும் இதே பங்கசு இருந்தது. ஆனால் காட்டில் அது கொள்ளை நோயாகவில்லை. அந்தச் செடி ஒன்று இங்கே, ஒன்று அங்கே நிற்கிறது. நடுவில் நூறு வகை வேற்று மரங்கள். ஒரு செடியிலிருந்து கிளம்பிய வித்திகளில் பெரும்பாலானவை தமக்கு உதவாத இலைகளில் விழுந்து வீணாகின்றன. அடர்ந்த மரங்கள் காற்றையும் தடுக்கின்றன. அதே பங்கசுக்கு மைல் கணக்கில் ஒரே செடியை, ஒரே வயதில், இடையில் மறிக்க ஒரு மரவரிசைகூட இல்லாமல் நட்டுக்கொடுத்தால் என்ன நடக்கும்? நடந்தது அதுதான். காற்றை மறிக்கும் மரப்பட்டைகள் இல்லாமல் ஒரே பயிரைப் பெருநிலத்தில் நட்டதே நோயைக் கொள்ளை நோயாக்கியது என்று வார்ட் காட்டினார். உயிர்ப்பல்வகைமை என்ற சொல் பாடப்புத்தகங்களுக்கு வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன், அது ஏன் தேவை என்பதை நம் மலைகளில் வைத்து ஒருவர் விளக்கியிருக்கிறார்.

மருந்து பற்றியும் ஒன்று சொன்னார். பங்கசு இலைக்குள் போனபின் வெளியே எதைத் தெளித்தும் பயனில்லை. வித்தி முளைக்கும் முன்பே இலைமேல் காப்பு இருக்க வேண்டும். தடுப்பு மட்டுமே வழி. அப்படிப்பட்ட காப்பு மருந்து அன்று கையில் இல்லை. பிரான்சில் மில்லார்தே துருசும் சுண்ணாம்பும் சேர்த்த போர்தோக் கலவையை 1885இல் அறிவித்தார். வார்ட் இலங்கையை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 1882இல் அவர் கப்பலேறியபோது, மருந்து தராத நிபுணர் என்றே பல துரைமார் அவரை நினைத்தார்கள்.

அதன்பின் நடந்தது வேகமாக நடந்தது. 1884இல் ஓரியண்டல் பாங்க் முறிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாகி, பலர் வெறுங்கையோடு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். 1889இல் கோப்பி ஏற்றுமதி 50 இலட்சம் இறாத்தல் அளவுக்கு விழுந்தது. நடுவில் சிலர் சிங்கோனாவை நட்டார்கள். ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். குயினைன் விலை படுத்ததும் அதுவும் முடிந்தது. கோப்பியை ஏற்றத் திட்டமிட்ட புகையிரதம் 1885இல் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்குக் கோப்பி அநேகமாக இல்லை. நம் நிலையம் தேயிலைக்கே பழகியது.

கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கோப்பிப் பழம் பருவத்துக்குப் பருவம். பறித்து முடிந்ததும் பெருந்தொகையான ஆண்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் வரும். ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கை வைத்தே ஆக வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் வேண்டியிருந்தது, குடும்பமாகத் தங்க லயம் வேண்டியிருந்தது. 1875இல் சுமார் ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை 1895இல் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. பெரட்டுக் களத்தில் நம் கொள்ளுப்பாட்டிமார் கூடையோடு வந்து நின்றது அந்த இருபது ஆண்டுகளில்தான். ஓர் இலையின் அடிப்பக்கத்துப் பொடி நம் குடும்ப வரலாற்றைத் திருப்பிப் போட்டது. அப்படித் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளை 1948இல் நாடற்றவர்கள் ஆக்கியது வேறு கதை. 1964 ஒப்பந்தத்துக்குப்பின் நீலகிரிக்குப் போன நம் அக்காமாரின் குடும்பங்களுக்கு வேலை கொடுக்க அங்கே அரசு தேயிலைத் தோட்டங்கள் திறந்தது. அதற்கும் காடுதான் வெட்டப்பட்டது என்பதை அவர்களே அறிவார்கள்.

வார்டின் எச்சரிக்கையைத் தேயிலைக்காரர்கள் கேட்டார்களா? பாதி கேட்டார்கள். காற்றுமறிப்பு மரங்களும் நிழல் மரங்களும் தோட்டங்களில் வந்தன. 5,000 அடிக்கு மேல் உள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே கூறிய ஆலோசனை ஆணையானதால், ஹோட்டன் சமவெளியும் அதைச் சூழ்ந்த காடும் ஓரளவு மிஞ்சின. அந்த உயரத்தில் ஏற்கெனவே விற்கப்பட்ட நிலம் போனது போனதுதான். நானுஓயா நிலையமே 5,291 அடியில் இருக்கிறது, கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். எஞ்சியது எல்லாம் மீண்டும் ஒரே செடி. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. அதுவும் பங்கசு, அதுவும் காற்றில் பரவுவது. இந்த முறை செப்பு மருந்து கையில் இருந்ததால் தேயிலை பிழைத்தது. இலையைச் சுருட்டும் புழுவை அடக்க 1935–36இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றது. பல ஆண்டுகள் அந்தப் புழு ஒரு பிரச்சினையாகவே இல்லை. பிறகு தண்டைத் துளைக்கும் வண்டுக்கு 1950களில் டைல்ட்ரின் தெளித்தார்கள். குளவி செத்தது. புழு திரும்பி வந்தது. தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இதைக் கண்டு எழுதிய பின்பே தெளிப்பு குறைந்தது. தேவையற்ற அன்ரிபயோற்றிக் கொடுத்து நல்ல பற்றீரியாவைக் கொன்று, அதன்பின் வயிற்றோட்டத்துக்கு மருந்து தேடும் கதைதான் இது. எங்கள் தொழிலிலும் இது தினமும் நடக்கிறது.

இங்கிலாந்து திரும்பிய வார்டுக்கு இலங்கை நல்ல பெயரையே கொடுத்தது. 1883இல் திருமணம். 1885இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் பேராசிரியர். இந்தியக் காடுகளைப் பார்க்கப்போகும் உத்தியோகத்தர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார். அவர்களிடம் அவர் சொல்லிக்கொடுத்தவற்றில் நம் மலைகளின் பாடம் நிச்சயம் இருந்திருக்கும். 1888இல் றோயல் சொசைட்டி உறுப்பினரானார். 1893இல் அதன் பதக்கமும் கிடைத்தது. அவரைக் கோப்பி நோயோடு மட்டும் நிறுத்துவது நியாயமாகாது. அவரை வகுப்பில், முழுக்க நோய்க்கிருமிகளின் பகைவராகச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். உண்மையில் கிருமியும் செடியும் கூடி வாழ்வதைப் பற்றி அவர் செய்த ஆய்வுகளும் சிறந்தவை. அவரைக்குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுகளுக்குள் நுண்ணுயிர் எப்படி நுழைகிறது என்பதை 1887இல் விளக்கினார். இஞ்சிப் பியரைப் புளிக்கவைக்கும் கட்டி, மதுவமும் பற்றீரியாவும் ஒன்றையொன்று தாங்கி வாழும் கூட்டுக்குடித்தனம் என்று 1892இல் காட்டினார். சூரிய ஒளியில் உள்ள நீல, ஊதாக் கதிர்கள் பற்றீரியாவைக் கொல்கின்றன என்பதையும் சோதித்து நிறுவினார். மெத்தையையும் போர்வையையும் வெயிலில் போடு என்று நம் அம்மாமார் சொன்னதற்கு இப்படியொரு ஆதாரமும் உண்டு.

1895இல் கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியரானார். 1904இல் அங்கே புதிய தாவரவியல் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்காக உழைத்த உழைப்பு அவர் உடலைத் தின்றது என்று நண்பர்கள் கருதினார்கள். 1906 ஆகஸ்ட் 26ஆம் திகதி, ஐம்பத்திரண்டாம் வயதில் காலமானார். அப்போது மாணவராயிருந்த அவர் மகன் ஃபிராங்க் கிங்டன் வார்ட், அடுத்த ஆண்டே ஷாங்காயில் ஆசிரியர் வேலைக்குப் போய், பின்னாளில் இமயமலைச் சாரலில் செடிகளைத் தேடி அலைந்து உலகப் புகழ்பெற்றார்.

இலைத்துரு நிற்கவில்லை. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பரவி, 1970இல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தது. 2012இல் மத்திய அமெரிக்க நாடுகளில் கொள்ளை நோயாகி, அங்கே கோப்பி பறித்துப் பிழைத்த இலட்சக்கணக்கானோரின் வேலையைப் பறித்தது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் நம் சகோதரிகள் காலையில் கையில் எடுக்கும் கோப்பியின் விலையிலும் அதன் பங்கு உண்டு. நானுஓயாப் பக்கம் வர நேர்ந்தால், லயத்துப் பின்புறங்களில் இன்னும் ஒன்றிரண்டாக நிற்கும் கோப்பிச் செடிகளைப் பார்க்கலாம். பலா, கொய்யா, வாழை ஆகியவற்றுக்கு நடுவே அவை நின்று காய்க்கின்றன. ஓர் இலையைப் புரட்டினால் அந்தச் செம்மஞ்சள் பொடி இப்போதும் விரலில் ஒட்டும்.